மாசி முதல் சித்திரை வரை நாகை, காரைக்கால் பக்கம் மீன் நிலவரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூண்டிலோடு ஆற்றங்கரையில் கால் மணி நேரம் நின்றால் போதும், போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்ன, மாட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். அதற்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்விகள்தான் இங்கே இருப்பவை. நான் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. சனி, ஞாயிறு தூண்டில்காரன். எனக்குத் தெரிந்ததில் பாதி கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் சொன்னது. மீதி வெறுங்கையோடு வீடு திரும்பிய காலைகளில் புரிந்தது. சொல்வதெல்லாம் கொள்ளிடம் முகத்துவாரம் முதல் கோடியக்கரை வரையுள்ள கரைக்கும், அதற்கு உள்ளே இருக்கும் ஆறு குளங்களுக்கும் பொருந்தும்.

நம்ம ஊரில் வசந்த காலம் என்று ஒன்று இருக்கிறதா என்ன?

பஞ்சாங்கக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். மீனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. எங்கள் பக்கத்து மீனுக்கு இரண்டு தேதிகள்தான். ஒன்று ஜனவரி 28, பாசனம் முடிந்து மேட்டூர் அணையை மூடும் நாள். இன்னொன்று ஏப்ரல் 15, கடலில் விசைப்படகுத் தடை தொடங்கும் நாள். முதல் தேதிக்குப் பிறகு ஆற்றில் நன்னீர் ஓட்டம் நின்று கடல் மெல்ல உள்ளே ஏறும். இரண்டாவது தேதிக்குப் பிறகு கடலுக்குள் இன்ஜின் சத்தம் குறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எழுபத்தேழு நாளைத்தான் நான் வசந்தம் என்கிறேன். சித்திரை வெயிலைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் இன்னும் ஒரு மாதம் சேரும்.

ஆற்றில் தண்ணீர் நின்றதும் மீனெல்லாம் எங்கே போகிறது?

பெரும்பாலும் எங்கேயும் போவதில்லை, மாட்டிக்கொள்கிறது. வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு எல்லாவற்றிலும் மாசி கடைசிக்குள் மணல் திட்டுகள் தலைகாட்டிவிடும். நடுவில் ஆழமாக இருக்கும் மடுக்களில் மட்டும் தண்ணீர் தேங்கும். பாலத்தின் தூண்களைச் சுற்றி வெள்ளம் அரித்த குழி, மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து பறித்த பள்ளம், மணல் அள்ளிய குழி, வளைவில் கரை சரிந்த இடம் இவைதான் மடு. அரைக் கிலோமீட்டர் ஆற்று மீன் முழுக்க ஒரு வீட்டுக் கொல்லை அளவு குழிக்குள் வந்து அடைந்துவிடும். கெண்டை, கெளுத்தி, ஜிலேபி, உளுவை, குரவை, விரால், அதிர்ஷ்டம் இருந்தால் வாளை.

இப்போது பிடிப்பது சுலபம் என்று பார்த்தவுடன் தெரியும். மண்புழுவைக் கோத்துப் போட்டால் தக்கை நிற்கவே நிற்காது. ஆனால் அந்த மடுவில் இருக்கும் மீன்தான் ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போது குஞ்சு விடப்போகும் தாய் மீன். அத்தாங்கைப் போட்டு அரித்து மடுவையே காலி செய்துவிட்டு, "முன்ன மாதிரி ஆத்துல மீனே இல்ல" என்று ஐப்பசியில் அலுத்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு மடுவில் குழம்புக்கு ஆகும் அளவோடு எழுந்துவிடுவேன். வீட்டில் அதற்கும் ஒரு பேச்சு உண்டு, அது வேறு கதை.

இன்னொரு இடம், கடைமடையில் இருக்கும் ரெகுலேட்டர். எங்கள் ஊர்ப் பேச்சில் சட்ரஸ். கடல் தண்ணீர் வயலுக்கு ஏறாமல் தடுக்கக் கட்டியது. பங்குனியில் அதன் பலகைகள் இறக்கியே இருக்கும். மேல்புறம் தேங்கிய நன்னீர், கீழ்ப்புறம் உப்புநீர். மேல்புறம் நின்று போட்டால் கெண்டை, அதே பாலத்தில் திரும்பி நின்று கீழே போட்டால் மடவையோ கொடுவாவோ. பத்தடி தூரத்தில் இரண்டு உலகம். ஆனால் பலகை இடுக்கில் கசியும் தண்ணீருக்குக் கீழே இறங்காதீர்கள். பாசி படிந்த கான்கிரீட்டில் ஒரு கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

விரால் எந்த நேரத்தில் பிடிக்கும்?

அதிகாலை, அப்புறம் வெயில் சாயும் நேரம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் பங்குனி, சித்திரையில் விரால் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க நடுப்பகல்தான் நல்ல நேரம்.

காரணம் இது. விரால் செவுளால் மட்டும் மூச்சு விடும் மீன் இல்லை. மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடிக்கும். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை நிற்கிற இடத்தில், 30 டிகிரியில் ஏழரைதான் நிற்கும். பாசியும் அழுகலும் சேர்ந்த குட்டையில் அதுகூட இருக்காது. அதனால் உச்சி வெயிலில் விரால் அடிக்கடி மேலே வரும். குளக்கரையில் ஆகாயத்தாமரை ஓரமாக நிழலில் உட்கார்ந்து சும்மா காது கொடுத்துக் கேளுங்கள். "ப்ளக்" என்று ஒரு சத்தம், வாயால் முத்தம் கொடுத்தது போல. திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு வளையம் விரிந்துகொண்டிருக்கும், நடுவில் ஒன்றிரண்டு குமிழ். அந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு, நாலரை மணிக்கு மேல் வந்து ரப்பர் தவளையை இலைமேல் போட்டு இழுங்கள். இலையிலிருந்து தண்ணீருக்குள் தவளை "தொப்" என்று விழும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் அடிக்கும்.

அடித்ததும் சுண்டி இழுத்துவிடாதீர்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு இழுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு சீசன் ஆனது.

தண்ணீருக்கு மேல் செம்பு நிறத்தில் கூட்டமாகக் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும். அந்த இரண்டையும் பிடித்துவிட்டால் குஞ்சு மொத்தமும் கெண்டைக்கும் கொக்குக்கும் போய்விடும். அங்கே போடாமல் நகர்ந்துவிடுவதுதான் நியாயம்.

எங்கள் ஊர்க் குளத்தில் காலையில் மீன் செத்து மிதக்கிறது. யாராவது மருந்து கலந்துவிட்டார்களா?

கலந்திருக்கவும் கூடும், ஆனால் முதல் சந்தேகம் அதுவாக இருக்க வேண்டாம். கோடையில் தண்ணீர் குறைந்து பச்சையாகிவிட்ட குளத்தில் பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில்தான் இருப்பு ஆகக் குறைவு. முந்தின நாள் மேகம் மூடியிருந்தாலோ திடீரென்று ஒரு கோடைமழை பெய்து அடிச்சேறு கலங்கினாலோ நிலைமை இன்னும் மோசம். கட்லா, ரோகு போன்ற மீன்கள் முதலில் சாகும். விரால், குரவை, தேளி எல்லாம் காற்றைக் குடித்துத் தப்பிக்கும். செத்து மிதப்பது வளர்ப்புக் கெண்டைகள் மட்டும்தானா என்று பாருங்கள். விரால், பாம்பு, தவளை என்று எல்லாமே செத்துக் கிடந்தால் அப்போது மருந்தைச் சந்தேகப்படலாம். எப்படியானாலும் செத்து மிதக்கும் மீனைக் குழம்புக்கு எடுக்காதீர்கள்.

கோடைக் குளத்து ஜிலேபியில் சேற்று வாடை வருகிறதே?

அது சேறு இல்லை. நீலப்பச்சைப் பாசி போன்ற நுண்ணுயிர்கள் விடும் ஒரு பொருள் மீனின் கொழுப்பில் ஏறிவிடுகிறது. உயிரோடு நல்ல தண்ணீரில் சில நாள் விட்டுவைத்தால் போகும். அவ்வளவு பொறுமை இல்லாவிட்டால் புளி. அந்தப் பொருள் புளிப்பில் சிதையும். நம் பாட்டிகள் குளத்து மீனை வறுக்காமல் புளியைக் கரைத்து ஊற்றிக் குழம்பாகவே வைத்ததற்கு வேதியியல் காரணம் கிடைத்துவிட்டது.

ஊர்க் குளத்தில் யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாமா?

போட முடியாது. பெரும்பாலான ஊர்க் குளங்களிலும் ஏரிகளிலும் மீன்பாசி ஏலம் உண்டு. ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்ப்பார், மீன் அவருடையது. அவரிடமோ அங்கே இருக்கும் காவலாளிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலும் "ஒத்தத் தூண்டில்தானே, போட்டுக்க" என்பார்கள். கேட்காமல் போட்டால் ராடு போய்விடும். எனக்கு ஒருமுறை போனது. தவறு என் பேரில்தான்.

தெற்கே புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். தண்ணீர் வற்றும் இந்த மாதங்களில் அங்கே கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடிவதற்குள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் கூடி நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா (அடியும் மேலும் திறந்த கூடை), கச்சா, வலை என்று கையில் உள்ளதோடு ஒரே ஓட்டமாக இறங்குவார்கள். ராடும் ரீலும் அங்கே செல்லாது. ஊத்தாவை அமுக்கி மேல்வாய் வழியாகக் கையைவிட்டு மீனைத் துழாவி எடுப்பதை ஒருமுறையாவது செய்து பாருங்கள். உள்ளே இருப்பது விராலா பாம்பா என்று தெரியாத அந்த இரண்டு நொடியை மறக்க முடியாது.

முகத்துவாரங்களில் எது நல்லது?

எல்லாரும் இடத்தின் பெயரைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை பெயரைவிட உப்புதான் முக்கியம்.

கார்த்திகை, மார்கழியில் ஆறுகள் நன்னீரைத் தள்ளிக்கொண்டு போகும். அப்போது முகத்துவாரத்தில் தண்ணீர் கலங்கிச் செந்நிறமாக இருக்கும், கடல் மீன் வெளியே ஒதுங்கி நிற்கும். மாசியில் ஓட்டம் நின்றதும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் (கடல்நீர் உயரும் நேரம்) கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வரும். அதோடு மடவை வரும், மடவையைத் துரத்திக்கொண்டு கொடுவா வரும், காலா வரும், பாறைக் குஞ்சும் செப்பிலியும் வரும். பங்குனி நடுவில், டிசம்பரில் கெண்டை பிடித்த அதே வளைவில் கடல் மீன் கிடக்கும்.

நான் செய்வது எளிய வேலை. வண்டியை நிறுத்தியதும் ஒரு துளி தண்ணீரைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடுவேன். சுத்தமாகக் கடலுப்பு என்றால் இன்னும் ஒரு கிலோமீட்டர் மேலே போவேன். சப்பென்று இருந்தால் கீழே. ரசத்துக்கு உப்பு ஒரு கல் கூடிப்போனது போல இருந்தால் அங்கேயே ராடைப் பிரிப்பேன். இறால் பண்ணைக் கழிவுநீர் வாய்க்கால் கலக்கும் இடங்களில் மட்டும் இந்த நாக்குப் பரிசோதனை வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

இடம் என்று கேட்டால் சொல்கிறேன். பழையாறு அருகே கொள்ளிட முகத்துவாரம் பெரியது, ஆழமானது, கோடையிலும் வாய் அடைபடாது. ஆனால் கரையிலிருந்து போடுகிறவனுக்கு அதன் அகலமே எதிரி. பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்க ஆசையோடு போகிறவர்கள் கோடையில் ஏமாந்துதான் திரும்புவார்கள். இத்தனை புகழ் பெற்ற ஆறு, கடைசியில் ஒரு மணல் மேட்டுக்குப் பின்னால் குட்டையாக நின்றுகொண்டிருக்கும். காரைக்காலில் அரசலாறு நல்ல இடம், குடும்பத்தோடு போகலாம். நாகூரில் வெட்டாறு எனக்குப் பிடித்தது. செருதூரில் வெள்ளையாறு வேளாங்கண்ணிக் கூட்டம் இல்லாத நாளில் மட்டும்.

வெட்டாற்று வாயில் ஒரு எச்சரிக்கை. மணல் திட்டு ஒவ்வொரு வருடமும் இடம் மாறும். ஒரு பங்குனியில் வற்றத்தின்போது முழங்கால் தண்ணீரில் நடந்து திட்டுக்குப் போய் நின்றேன். மீன் கடித்துக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பும்போது அதே வழியில் மார்பளவு தண்ணீர், இழுப்பு வேறு. செல்போனை வாயில் கவ்விக்கொண்டு வந்தேன். மீன்பை போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஏத்தம் மாறுறத தண்ணிய பாத்தா தெரியாதா தம்பி, நொர திரும்பிருச்சே" என்றார். அன்றுமுதல் நுரையைப் பார்க்கிறேன்.

கொடுவாவுக்கு என்ன போடலாம்?

உயிருள்ள இறால், இல்லாவிட்டால் விரல் நீள மடவைக் குஞ்சு. செயற்கை மீன் போடுகிறவர்கள் பாலத் தூணின் நிழல் விளிம்பில் மெதுவாக இழுக்கட்டும். கொடுவா வெயிலில் வந்து அடிக்காது, நிழலில் நின்றுகொண்டு வெளிச்சத்தைப் பார்க்கும். செவுள் மூடியின் ஓரம் பிளேடு போல இருக்கும் என்பதால் தங்கூசியின் (நைலான் நூல்) நுனியில் ஓரடிக்காவது தடித்த நரம்பு கட்டுங்கள்.

பெரிய கொடுவா மாட்டினால் போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. கொடுவா ஆணாகத்தான் முதலில் முதிரும். வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். அதாவது நீங்கள் பிடித்த அந்தப் பெரிய மீன் ஏறக்குறைய நிச்சயமாக முட்டையிடும் பெண். இரண்டு கிலோ மீன்தான் குழம்புக்கு ருசி, பெரியதில் சதை முரடு. இப்படிச் சொல்லி நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

அமாவாசை, பௌர்ணமி பார்க்க வேண்டுமா?

முகத்துவாரத்தில் பார்க்க வேண்டும், குளத்தில் தேவையில்லை. நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். குஜராத் கரையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாளில் அந்தச் சின்ன வித்தியாசமும் கூடி, குறுகலான வாயில் தண்ணீர் ஓட்டமாக ஓடும். ஓடும் தண்ணீரில் இரை நகரும், மீன் கடிக்கும். அஷ்டமி, நவமியில் தண்ணீர் செத்துப்போய் நிற்கும். ஏற்ற நேரம் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால், நேற்றுக் கடித்த நேரத்துக்கே இன்று போய் உட்கார்ந்து ஏமாற மாட்டீர்கள்.

கடற்கரையில் நின்று போட்டால் என்ன கிடைக்கும்?

கிழங்கான். பங்குனிக் காலைக்கு இதைவிட நல்ல மீன் இல்லை. வாய் சின்னது, அதனால் சின்ன முள், சின்ன ஈயம், இறால் துண்டு அல்லது அலை பின்வாங்கும்போது மணலுக்குள் புதையும் குட்டிப் பூச்சி. எல்லாரும் கையில் இருக்கும் பலத்தையெல்லாம் போட்டு நூறு மீட்டர் வீசுகிறார்கள். கிழங்கான் அலை உடையும் இடத்துக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில், பல நேரம் இருபது மீட்டருக்குள் மேயும். அதன் தலைக்கு மேலே வீசிவிட்டு மீனில்லை என்கிறோம்.

கூடவே கடல் கெளுத்தி, சின்னப் பாறை, திருக்கை, காலையில் எப்போதாவது கரையோரம் துரத்தி வரும் தோல்பாறை. பங்குனியில் ஆற்றுக் கலங்கல் இல்லாததால் கரைத் தண்ணீர் தெளிந்திருக்கும். மீன் நூலைப் பார்க்கும். மழைக்காலத்தில் போட்ட தடித்த தங்கூசி இப்போது ஆகாது.

காற்று எப்படி இருக்கும்? எப்போது போகக்கூடாது?

தை வரை வாடைக்காற்று அடித்து அலையை எழுப்பிக்கொண்டிருக்கும். மாசியில் அது தளரும். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை தொடக்கம் வரை வருடத்திலேயே கடல் அமைதியாக இருக்கும் காலம் இது. விடியற்காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்று, கடல் எண்ணெய் ஊற்றினது போல. பதினொரு மணிக்கு மேல் நிலம் காய்ந்ததும் கடற்காற்று ஏறும், மத்தியானம் கரையில் நின்று நூலை நேராக வைக்க முடியாது. கடலுக்கு அடியில் ஓட்டமும் திரும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே இழுத்த பெரிய நீரோட்டம் மாசி முதல் சித்திரை வரை வடக்கே இழுக்கும். மழைக்காலத்தில் தெற்கே போன ஈயம் இப்போது வடக்கே நகர்கிறதே என்று யாரும் குழம்ப வேண்டாம்.

அமைதி என்றேனே தவிர உத்தரவாதம் இல்லை. 2022 மார்ச் முதல் வாரத்தில், யாரும் எதிர்பார்க்காத மாதத்தில், நம் கரைக்கு எதிரே வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்தது. சித்திரைக்குப் பிறகு புயல் காலமே தொடங்கிவிடும். வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் இருக்கும் இன்கோய்ஸ் நிறுவனத்தின் அலை அறிவிப்பையும் கிளம்பும் முன் பாருங்கள். கள்ளக்கடல் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். எங்கோ தென்கடலில் எழும் நீண்ட அலை, காற்றே இல்லாத நாளில் கரையில் திடீரென்று ஏறும். கோடை மாதங்களில் அதிகம். எங்களுக்குத் தெற்கே இலங்கை ஓரளவு மறைப்பாக இருக்கிறது. கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் அந்த அறிவிப்பு வந்தால் பாறைமேல் நிற்கவே கூடாது.

தடைக்காலத்தில் தூண்டில் போடலாமா?

போடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, விசைப்படகுகளுக்கும் இழுவைமடிப் படகுகளுக்கும்தான். திருவள்ளூர் முதல் கன்னியாகுமரியின் கிழக்குப் பகுதி வரை. காரைக்காலுக்கும் இதே தேதிகள். நாட்டுப்படகு, கட்டுமரம் கடலுக்குப் போகலாம். கரையில் நிற்கும் தூண்டிலுக்குத் தடை இல்லை. கன்னியாகுமரி மேற்குக் கரைக்கு மட்டும் ஜூன், ஜூலையில் வரும்.

மீன் இனப்பெருக்கத்துக்காக என்றுதான் அறிவிப்பில் இருக்கும். எல்லா மீனும் அரசாணை பார்த்து ஏப்ரலில் முட்டையிடுவதில்லை என்று மீனவர்களே சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சினையோடு வரும் மீனும் ஏராளம். இருந்தாலும் கடல் தரையை வருடம் முழுக்க இழுவைமடி உழுதுகொண்டிருப்பதில் இரண்டு மாத ஓய்வு கிடைப்பது நல்லதுதான் என்பது என் எண்ணம். முன்பு 45 நாளாக இருந்ததை நீட்டியபோது முணுமுணுப்பு இருந்தது. இப்போதும் நிவாரணத் தொகை போதவில்லை என்ற குறை இருக்கிறது, அது நியாயமான குறை. படகுக்குச் சொந்தக்காரர் அந்த நாட்களில் பழுது பார்ப்பார், பெயின்ட் அடிப்பார். படகில் கூலிக்குப் போகிறவர் என்ன செய்வார்?

அந்த நாட்களில் சந்தையில் மீன் வாங்கலாமா?

நாட்டுப்படகு மீன் வாங்குங்கள், விலை கூடுதலானாலும். காலையில் கரைக்கு வந்த சங்கராவின் கண் பிதுங்கித் தெளிவாக இருக்கும், செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு. தடைக்காலத்தில் மலிவாக வஞ்சிரத் துண்டு கிடைக்கிறது என்றால் அது எத்தனை நாள் ஐஸில் பயணம் செய்தது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கோடியக்கரை சீசன் என்கிறார்களே, அது எப்போது?

அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிந்துவிடும். வெளியூர் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்கிப் பிடிப்பார்கள். மாசியில் போனால் அதன் கடைசி வாரங்களைப் பார்க்கலாம். அப்புறம் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்தில் வேதாரண்யத்தில் உப்பளம் வெள்ளையாகத் தொடங்கும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போய் மீன் பிடிக்கலாமா?

அது காப்புக்காடு. வனத்துறை அனுமதியோடு படகில் சுற்றிப் பார்க்கலாம், தூண்டில் கொண்டுபோகாதீர்கள். கோரையாறும் பாமணியாறும் நன்னீர் கொண்டுவராத கோடையில் அந்தக் காயலின் உப்பு கடலையே மிஞ்சிவிடும். கொடுவாக் குஞ்சும் இறால் குஞ்சும் வளரும் தொட்டில் அது.

எதைத் தொடக்கூடாது?

ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறும். பெயரிலேயே மாதம் இருக்கிறது. குஞ்சுகள் மே வரை பொரித்து வெளியே வரும். இரவுத் தூண்டில்காரர்கள் கடற்கரையில் பளீரென்ற டார்ச்சைப் போட்டு வைக்காதீர்கள், குஞ்சு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ஊருக்குள் நடக்கும். கடல் அட்டை, கடல் குதிரை, வேளா (ரம்பம் போன்ற மூக்குள்ள மீன்), ஆவுளியா (கடல்பசு) எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. ஆவுளியாவுக்கென்று தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் காப்பகமாகவே அறிவித்திருக்கிறார்கள். தூண்டிலில் தவறி மாட்டினால் நூலை அறுத்து விட்டுவிடுங்கள், போட்டோவுக்குத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

கெளுத்தி முள் குத்திவிட்டது, என்ன செய்வது?

சுடுதண்ணீர். கை தாங்கும் அளவு சூட்டில் அரை மணி, ஒரு மணி நேரம் முக்கி வையுங்கள். கெளுத்தி, தேளி, ஓரா, திருக்கை எல்லாவற்றின் விஷமும் சூட்டில் வீரியம் இழக்கும். வலி இருக்கும் கையில் சூடு தெரியாமல் வெந்துபோகலாம், அதனால் மறு கையை விட்டுப் பார்த்துவிட்டு முக்குங்கள். முள் உடைந்து உள்ளே இருந்தாலோ திருக்கை ஆழமாகக் கிழித்திருந்தாலோ ஆஸ்பத்திரிதான். சுண்ணாம்பு, பெட்ரோல் எதுவும் தடவ வேண்டாம்.

இது எப்போது முடியும்?

"பங்குனி என்று பருப்பதும் இல்லை, சித்திரை என்று சிறுப்பதும் இல்லை" என்று ஒரு பழமொழி உண்டு. சித்திரைக் குட்டையைப் பார்க்காதவர் சொன்னதாக இருக்கும். கத்திரி பிறந்தால் மடுவெல்லாம் சேறாகி, கொக்கும் நாரையும்தான் மீன்பிடிக்கும். நான் ராடைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிடுவேன். நல்ல வருடமென்றால் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பார்கள். கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள், எங்கள் கடைமடைக்கு அதற்கு மேலும் பல நாள். அதற்குள் 14-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் நாகைத் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இன்ஜின் போடும் சத்தம், காற்று வாகாக இருந்தால், எங்கள் வீட்டு மாடிவரை கேட்கும்.